பொய்க்கூரைக்கு மேலே அருளப்பன்

அருளப்பன் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்து சேர்ந்தது. தண்டலத்துக்கு அருகே ஒரு கல்லூரி விடுதியின் மூன்றாம் தளத்தில் கம்பி கட்டியிருந்ததைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கான்கிரீட் வண்டி காத்திருந்தது. கைபேசியில் ஒரு படம் வந்தது. நான்கு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதற்குப் பின்னால் பளபளக்கும் சிவப்புக் கார். காருக்கும் மெழுகுவத்திக்கும் இடையில் கிடைத்த சின்ன இடத்தில் அருளப்பனின் முகம். 'எங்கள் அருங்காட்சியகத்தின் சிற்பிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பார்வையாளர் நேரமும், திங்கட்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பும் இருந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஊத்தலாமா, நிறுத்தலாமா?" என்றார். "ஊத்துங்க" என்றேன். தளம் முழுவதும் ஊற்றி முடியும்வரை அங்கேயே நின்றேன். பிறகு காரில் போய் உட்கார்ந்துகொண்டு அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "காலையில பல்லு தேய்ச்சிக்கினு இருந்தாரு, இன்ஜினியரம்மா. அப்படியே உக்காந்தாரு" என்றார்.

பத்து நாள் கழித்து அந்தக் கார் அருங்காட்சியகத்திலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. அங்கே என்னோடு உட்கார்ந்திருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பேச அழைத்தபோது, "நல்ல மனிதர், பெரிய இழப்பு" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். இரண்டில் ஒன்று பொய். பெரிய இழப்புதான். ஆனால் நல்ல மனிதர் என்று அவரை உயிரோடு இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை மேலும் கீழும் பார்த்திருப்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருளப்பன் சேரப்பணஞ்சேரிக்காரர். சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, படப்பை சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில் அலுவலகம் வைத்தார். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கிய காலம் அது. அவருடன் படித்தவர்கள் கடற்கரைச் சாலையில் பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஷெட், கேன்டீன், கேட்டில் காவலர் அறை என்று கட்டினார். நான் குன்றத்தூரில் இருக்கும் கட்டமைப்புப் பொறியாளர். அவர் வரைவதை விழாமல் நிற்க வைப்பது என் வேலை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அப்படி வேலை செய்தோம். கடைசிவரை அவர் எனக்கு அருளப்பன் சார், நான் அவருக்கு இன்ஜினியரம்மா.

அவருடைய முதன்மையான குணம் இகழ்ச்சி. ஒரு கேன்டீன் வாசலில் முதலாளி தன் ஆசைக்காக நான்கு வெள்ளைத் தூண்களை ஒட்டவைத்திருந்தார். அருளப்பன் ஒவ்வொரு தூணாகப் போய் விரல் முட்டியால் தட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. டொக் டொக்கென்று கேட்டது. "இன்னா சார் இது, பொய்ப்பல்லு கட்டின மாதிரி கீது?" என்றார். மேனேஜர்கள் முன்னிலையில் சொன்னார். அந்த முதலாளி அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை தரவில்லை. அதற்காக அருளப்பன் ஒரு நாளும் வருந்தியதாக எனக்குத் தெரியாது.

இந்தக் குணம் பெரியவர்களிடம் மட்டும் பாய்ந்தது என்று சொன்னால் அதுவும் பொய். அவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு வரைவாளர், ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அருளப்பன் அதைப் பார்த்தார், திருப்பிப் போட்டார், அதன் மேல் தன் மெதுவடையை வைத்துச் சாப்பிட்டார். அந்த ஆள் மறுநாளிலிருந்து வரவில்லை. "இது பாவம் சார்" என்றேன். "வடைக்காவது உபயோகப்பட்டுச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர், 'இளைஞர்களைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகக் கதைக்கு வருகிறேன். அதைக் கட்டச் சொன்னவர் கார் கதவுகளுக்குக் கீல் செய்கிற ஒரு நிறுவனத்தின் தலைவர். எல்லோரும் சேர்மன் என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பழைய கார்களை வாங்கி வாங்கி மூன்று ஷெட்டுகளில் மூடி வைத்திருந்தார். ஒரகடம் சாலையில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே அருங்காட்சியகம் கட்ட ஆசைப்பட்டார். வெளிநாட்டில் எடுத்த போட்டோ ஒன்றோடு வந்தார். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். அருளப்பன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ரோடு உங்க இடத்துக்கு மேற்கால கீது. கண்ணாடி வச்சா சாயங்காலம் நாலு மணிக்கு உங்க காருங்க எல்லாம் இட்லி மாதிரி வெந்துடும்" என்றார். சேர்மன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த மாதிரி ஓப்பனா பேசுற ஆளுதான் எனக்கு வேணும்" என்றார். பணக்காரர்களுக்குத் திட்டு வாங்குவது பிடிக்கும். முதல் மூன்று மாதம் பிடிக்கும்.

கட்டடத்தின் உயிர் எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். ஐரோப்பியப் பயணம் என்றார் ஒருவர். அருளப்பனிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அது வந்தது அவர் வீட்டு மாடியிலிருந்து. மாடி அறைகளை அவர்கள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே நான்கு பெண்கள் தங்கியிருந்தார்கள், எல்லோரும் தொழிற்சாலை வேலை. அவர்களில் ஒருத்தி முத்துமாரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல அவள் கீழே வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மேஜையில் அட்டையால் செய்த அருங்காட்சியக மாதிரி வடிவம் இருந்தது. ஒரு பொம்மைக் காரை வைத்து, சின்ன டார்ச்சால் மேலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அருளப்பன்.

"பொட்டு பொட்டா லைட்டு போட்டா காரு தெரியாது சார். லைட்டுதான் தெரியும்" என்றாள் முத்துமாரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. வடை நினைவுக்கு வந்தது. ஆனால் அவர், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றுதான் கேட்டார்.

"நான் பைனல் இன்ஸ்பெக்சன்லல்லா இருக்கேன். பெயிண்ட் அடிச்சி வர்ற பாடியில நெளிவு இருக்கான்னு பாக்கணும். மேல இருந்து கீழ வரைக்கும் நீளநீளமா டியூப்லைட்டு போட்டிருப்பாவ. அந்தக் கோடு காரு மேல விழும். நாங்க காரைப் பாக்கவே மாட்டோம், கோட்டைத்தான் பாப்போம். எங்க கோடு வளையுதோ அங்க நெளிவு இருக்கு. நெளிவு இல்லாத எடத்துல கோடு ஆத்துத்தண்ணி கணக்கா ஓடும். அப்பம்தான் காரு என்ன அழகுன்னு தெரியும், பாத்துக்கிடுங்க."

அருளப்பன் அன்று மோட்டார் போட மறந்துவிட்டார். ஸ்டெல்லா வந்து போட்டார். அருளப்பன் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை என்று சொல்வேன். அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு. "காலேஜ்ல அஞ்சு வருஷம் படிச்சேன். ஒரு நாய் கூட இதச் சொல்லல" என்றார்.

அதற்குப் பிறகு வரைந்ததுதான் அந்தக் கூரை. ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லின் வடக்கு முகத்திலும் சுவரிலிருந்து சுவர்வரை நீளக் கண்ணாடி. பழைய மில்களில் இருக்குமே, அதுதான். நேர்வெயில் உள்ளே வராது. வானத்தின் வெளிச்சம் மட்டும் நீண்ட பட்டைகளாக இறங்கும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆடிவரை சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும் என்பதால் அதற்கும் தகடுகள் வைத்தார். தரைக்கு மங்கலான சாம்பல் கல், ஏனென்றால் பளபளப்பான தரை காரின் அடிவயிற்றைக் காட்டும் என்றார். பார்வையாளர்கள் நடக்கும் பாதையை ஒன்றரை அடி தாழ்த்தினார். அப்படி நடந்தால் காரின் தோள்பட்டை நம் கண்ணுக்கு நேரே வரும். சுவரில் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு மட்டும்.

அந்த வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. பெண்கள் கழிப்பறையைப் பின்வாசலுக்கு வெளியே, காவலர் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வெயிலில் நடந்துதான் போக வேண்டும். சொன்னேன். "கார் பாக்க எத்தினி பொம்பளைங்க வரப்போறாங்க?" என்றார். "இன்ஸ்பெக்ஷன் லைன்ல எத்தனை பொம்பளைங்க நிக்கிறாங்க சார்?" என்று கேட்டேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வந்த வரைபடத்தில் பெண்கள் கழிப்பறை கட்டடத்தின் வடகிழக்கு மூலையில், அதே நீளக் கண்ணாடிக் கூரையின் கீழ் இருந்தது. மாற்றியதாக அவரும் சொல்லவில்லை, கவனித்ததாக நானும் சொல்லவில்லை.

கூரை ஏறி முடிந்த அன்று சேர்மனிடம் அனுமதி வாங்கி ஒரே ஒரு காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினோம். நீல நிறம். பக்கத்திலிருந்து பார்த்தேன். பானட்டின் நுனியிலிருந்து பின்கதவுவரை ஒரு வெள்ளைக் கோடு வழிந்து ஓடியது. எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆர்வமும் கிடையாது. ஆனால் அன்று கொஞ்ச நேரம் நகரவே முடியவில்லை. அருளப்பன் பீடி பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

இதன் பிறகுதான் மும்பையிலிருந்து உள்ளலங்கார நிபுணர் வந்தார். சேர்மனின் உறவினர் யாரோ அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவர் கட்டடத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாக்டரி மாதிரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கார்கள் தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி போலிருக்கிறது. சேர்மன் முகம் மாறியது. தன் வாழ்நாள் முழுவதையும் தொழிற்சாலையில் கழித்து, தொழிற்சாலையால் பணக்காரரான மனிதர், தன் அருங்காட்சியகம் தொழிற்சாலை போல இருக்கிறது என்று கேட்டு வெட்கப்பட்டார்.

நிபுணர் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், அன்று அதற்குள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு பாரிஸ் தெரு. திறக்காத ஜன்னல்கள், அதில் துணிப்பூ. கப்பலில் இருப்பது போல ஒரு சரவிளக்கு. செட்டிநாட்டிலிருந்து பிய்த்துவந்த இரண்டு மரத்தூண்கள், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் ஈச்சமரம். கார் நின்று சுற்றுவதற்குச் சுழல்மேடை. தாழ்த்திய பாதையை நிரப்பி மேலே இத்தாலிய மார்பிள். அதில் ஒவ்வொரு காரின் சைலன்சரும் அழகாகத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக் கண்ணாடிகள் அனைத்தையும் மறைத்து ஒரு ஃபால்ஸ் சீலிங். தமிழில் பொய்க்கூரை என்று சொன்னால்தான் அதன் குணம் தெரிகிறது. அதில் அம்மைத் தழும்பு போல நூற்றுக்கணக்கில் பொட்டு விளக்குகள்.

அந்தப் பொய்க்கூரையைத் தொங்கவிட வேண்டுமென்றால் எங்கள் கூரையின் இரும்புச் சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான். அருளப்பன் குன்றத்தூருக்கு என் வீட்டுக்கே வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை.

"போடாதீங்க, இன்ஜினியரம்மா. நீங்க போடலன்னா மூட முடியாது."

"தாங்கும் சார். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். தாங்கறத தாங்காதுன்னு எப்படி எழுதறது?"

"தாங்காதுன்னு எழுதச் சொல்லல. எழுதாதீங்கன்னு சொல்றேன்."

"நான் எழுதலன்னா வேற ஆள் எழுதுவாங்க."

"எழுதட்டும். அவன் எழுதினான்னு இருக்கட்டும்."

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். சேர்மனின் வேறு இரண்டு ஷெட்டுகள் என் கையில் இருந்தன. அதைக் காரணமாக யாரிடமும் சொல்லவில்லை, பொறியாளரின் நேர்மை என்று சொல்லிக்கொண்டேன். அருளப்பன் அன்றே வேலையை விட்டு விலகினார். 'இந்தக் கட்டடத்தில் என் பெயரை எங்கும் எழுதக் கூடாது' என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்தார். எனக்கு ஒரு போன் மட்டும் வந்தது. "கணக்கப் பாத்தேன். ஒரு தப்பும் இல்ல. கணக்கு ரொம்ப நல்லா கீது" என்றார். வைத்துவிட்டார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த இகழ்ச்சிகளில் அதுதான் மிகவும் சுருக்கமானது. மூன்று ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை சேர்மன் என்னைக் கூப்பிட்டார். பொய்க்கூரையின் ஒரு துண்டு ஊறி விழுந்துவிட்டது. நல்லவேளை, திங்கட்கிழமை, யாரும் இல்லை. நான் போனபோது அருளப்பனும் அங்கே இருந்தார். கூரை ஒழுகுகிறது, கூரை போட்டவன் வந்து பார்க்கட்டும் என்று அவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். நானும் ஏறினேன். கூரையின் இரண்டு பற்களுக்கு நடுவே மழைநீர் ஓடும் பள்ளத்தில் ஏ.சி. குழாய் போட்டவர்கள் விட்டுப்போன தெர்மாகோல், காலி சிமெண்டு மூட்டை, ஒரு பழைய செருப்பு எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தன. தண்ணீர் குளம் கட்டி நின்று, வழிய இடமில்லாமல் உள்ளே இறங்கியிருந்தது. அருளப்பன் உட்கார்ந்து அவற்றைக் கையால் வாரி வெளியே எறிந்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

கீழே வந்து உள்ளே நுழைந்தோம். மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். மண்டபம் முழுக்க இருட்டு. விழுந்த துண்டு இருந்த இடத்தில் மட்டும் வடக்கு வெளிச்சம் ஒரு நீளப் பட்டையாக இறங்கி, மூலையில் நின்ற ஒரு கார் மேல் விழுந்திருந்தது. அந்தக் காரைச் சேர்மன் பெருமைக்காக வாங்கவில்லை, எண்ணிக்கைக்காகத்தான் வாங்கினார். ஒரு காலத்தில் ஊரெல்லாம் டாக்சியாக ஓடிய உருண்டை முதுகுக் கார். பாரிஸ் தெருவுக்குப் பொருந்தாது என்று மூலையில் தள்ளியிருந்தார்கள். அந்த முதுகின் மேல் வெளிச்சக் கோடு ஏறி, வளைந்து, இறங்கியது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் எல்லோரும் ஏறிப்போன வண்டி. அது இவ்வளவு அழகு என்று எனக்கு அன்றுதான் தெரியும். வாட்ச்மேன், துப்புரவுப் பெண், சேர்மன், நான், நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சார், இத இப்படியே விட்டுடலாம். மத்ததையும் எடுத்துடலாம்" என்றேன்.

சேர்மன் ஒரு கணம் யோசித்தார் என்றே இன்றும் நம்புகிறேன். பிறகு, "ஓட்டையைப் பாக்கவா மேடம் ஜனங்க வராங்க? வெள்ளிக்கிழமை வி.ஐ.பி. விசிட் இருக்கு. அதுக்குள்ள மூடிடணும்" என்றார்.

அருளப்பன் சிரித்தார். வெளியே வந்து சேறு படிந்த கையைக் குழாயில் கழுவிக்கொண்டே, "டீ சாப்புடலாமா?" என்று என்னைக் கேட்டார். சாலையோரக் கடையில் நின்று குடித்தோம். நான் மன்னிப்பைப் போல ஏதோ ஆரம்பித்தேன். "சக்கரை கம்மியா கீது" என்று கடைக்காரரிடம் சொன்னார். எங்களுக்குள் சமாதானம் அவ்வளவுதான். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது போனில் பேசினோம், பெரும்பாலும் மற்றவர்களைத் திட்டுவதற்காக.

இனி இரங்கல் கூட்டம். அவர் படத்தைச் சுழல்மேடையில் வைத்திருந்தார்கள். மேலே பொட்டு விளக்கு, கீழே மாலை. படம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சேர்மன் "என் உடன்பிறவா அண்ணன்" என்று பேசிய நேரத்தில் அருளப்பன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மும்பை நிபுணர் திரையில் தோன்றி, தானும் அருளப்பனும் சேர்ந்து கண்ட கனவு இது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டியவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

முன்வரிசையில் இருந்த ஸ்டெல்லா எழுந்து, மைக் இல்லாமல், "மொதல்ல அத நிறுத்துங்கப்பா. பாக்கற எனக்கே தல சுத்துது" என்றார். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்திருந்த முத்துமாரி எழுந்து வந்தாள். குனிந்து மேடைக்கு அடியில் ஒயரைத் தேடிப் பிடித்து, பிளக்கைப் பிடுங்கினாள். படம் நின்றது, ஆனால் சுவரைப் பார்த்து நின்றது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி ஸ்டெல்லாவைப் பார்க்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் அவருக்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அவருடைய கட்டடக்கலையைப் புகழ்ந்து பேசிய ஆண்களுக்கு ஒரு தகவல். அந்தக் கட்டடத்தில் அருளப்பன் வரைந்தபடியே மிஞ்சியிருக்கும் அறை ஒன்றே ஒன்று: பெண்கள் கழிப்பறை. அதை அலங்கரிக்க நிபுணர் நேரம் ஒதுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஸ்டெல்லாவும் முத்துமாரியும் நானும் அங்கேதான் போய் நின்றோம். வெள்ளைச் சுவர், மேலே வானம், தலைக்கு மேல் நீண்டு இறங்கும் வெளிச்சம். அன்று கார் பார்க்க வந்திருந்த சில பெண்கள் கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, வெளியே போக மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்து, "இதுக்குத்தானா வூட்டுல சோறு துன்னாம கெடந்தாரு?" என்றார். அங்கேதான் நான் அழுதேன்.

கூட்டத்தின் முடிவில் சேர்மன் ஓர் அறிவிப்பு செய்தார். முதல் மாடி எழுப்பி 'அருளப்பன் நினைவு அரங்கம்' கட்டப்போவதாக. நிபுணரே அதையும் வடிவமைப்பார். அதற்காக எங்கள் கூரையைப் பிரிக்க வேண்டும். போன வாரம் வரைபடம் எனக்கு வந்தது. பார்த்தேன், கணக்கும் போட்டேன். மூன்றாம் நாள் சேர்மனே கூப்பிட்டார்.

"மேடம், பில்லர் தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும் சார்."

"அப்புறம் ஏன் இன்னும் சைன் பண்ணி அனுப்பல?"

"அசிங்கமா இருக்கு சார்."

அவருக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். "என்னது?" என்றார்.

"அசிங்கமா இருக்கு. நான் போட மாட்டேன். வேற ஆள் பாத்துக்குங்க."

வேறு ஆள் கிடைப்பார். கட்டடம் எழும்பும், அவர் பெயரைப் பித்தளையில் பதிப்பார்கள், நான் அதைத் தடுக்க முடியாது. பொறியியல் விதிநூல்களில் அசிங்கம் என்ற சொல் கிடையாது. முப்பது வருடத் தொழிலில் நான் அதை ஒருமுறையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அருளப்பன் அதைத் தினம் நாலு முறையாவது சொல்லியிருப்பார், யார் எதிரில் நிற்கிறார் என்று பார்க்காமல். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்.